எஃகு பாடிய கதை 9: எதிரணிகள் சேர்ந்து அமைத்த குழு

1950 கார்னிவலின்போது டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் தெருவில் இன்வேடர்ஸ் குழுவும் டோக்கியோ குழுவும் மோதிக்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த இரண்டு குழுக்களின் முதன்மைக் கலைஞர்களும் அடுத்த ஆண்டே ஒரே கப்பலில் ஏறினார்கள். லண்டனில் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தார்கள். அவர்களைச் சேர்த்துவைத்த குழுவின் பெயர் டிரினிடாட் ஆல் ஸ்டீல் பெர்கஷன் ஆர்க்கெஸ்ட்ரா. முதலெழுத்துகளைக் கோத்து டாஸ்போ என்றே எல்லோரும் அழைத்தார்கள். 1951இன் தொடக்கத்தில் பிறந்து அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்துவிட்ட குழு அது. ஆனாலும் எண்ணெய் டிரம்மிலிருந்து செய்யும் ஸ்டீல்பான், சுருக்கமாகப் பான், என்ற வாத்தியத்தின் வரலாற்றை டாஸ்போவுக்கு முன், டாஸ்போவுக்குப் பின் என்று பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

டாஸ்போவின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக லண்டனில் கிடைத்த கைதட்டலையே பெரிதாகப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் பாராட்டிய பிறகுதான் சொந்த ஊர் மதித்தது என்று முடிப்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் குழுவின் பெரிய சாதனை லண்டனில் நடக்கவில்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில், டிரினிடாட் ஒத்திகைக் கூடத்தில் நடந்தது. அதை விரிவாகச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் குழு எப்படி உருவானது என்று பார்ப்போம். தெருச்சண்டைகள் அளவு மீறிப் போனதால் காலனி அரசு 1949இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. பாதிரியார் ஃபார்குவர் அதன் தலைவர். பான் வாசிக்கும் இளைஞர்களை ரவுடிகள் என்று தள்ளிவைக்காமல், அவர்களை ஓர் அமைப்பின் கீழ் கொண்டுவரும் யோசனை அப்போது வலுப்பெற்றது. இளைஞர் மன்றத்தில் இயங்கிய வழக்கறிஞர் லெனாக்ஸ் பியர், லிட்டில் கரிப் அரங்கை நடத்திய நடனக் கலைஞர் பெரில் மெக்பர்னி, அரசியல்வாதி ஆல்பர்ட் கோம்ஸ் போன்ற சிலர் இந்த இளைஞர்களுக்காக வெளிப்படையாகப் பேசினார்கள். அடுத்து ஸ்டீல்பேண்ட் சங்கம் பிறந்தது. கிராஸ்ஃபயர் குழுவின் சிட்னி கோலப் அதன் முதல் தலைவரானார்.

அந்த நேரத்தில் பிரிட்டன் ஒரு பெருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி, 1951இல் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ என்ற பெயரில் விழா எடுத்தார்கள். போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் அங்கே ரேஷன் அட்டை ஒழியவில்லை; குண்டு விழுந்த கட்டடங்கள் பல அப்படியே கிடந்தன. மக்களுக்குக் கொஞ்சம் தெம்பூட்ட வேண்டும் என்பது விழாவின் நோக்கம். தேம்ஸ் நதியின் தென்கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் எழுந்தது. இந்த விழாவுக்கு டிரினிடாட்டின் சார்பில் ஒரு ஸ்டீல்பேண்டை அனுப்பலாம் என்ற முடிவுக்குச் சங்கம் வந்தது.

எந்தக் குழுவை அனுப்புவது? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இன்வேடர்ஸை அனுப்பினால் டோக்கியோவின் ஜான் ஜான் பகுதி கொதிக்கும். டோக்கியோவை அனுப்பினால் இன்வேடர்ஸின் உட்புரூக் பகுதி கொதிக்கும். ஆகவே சங்கம் வேறு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் அதன் சிறந்த கலைஞர் ஒருவரை எடுத்து, புதிதாக ஒரு குழுவை அமைத்தது.

அந்தப் பதினொரு பெயர்களையும் இங்கே முழுமையாகத் தருகிறேன். பட்டியலாகத் தோன்றினாலும் பொறுமையாகப் படியுங்கள். இவர்களில் பலர் இனிவரும் அத்தியாயங்களில் மீண்டும் வருவார்கள். இன்வேடர்ஸிலிருந்து எல்லி மனெட். டோக்கியோவிலிருந்து வின்ஸ்டன் ‘ஸ்ப்ரீ’ சைமன். நார்த் ஸ்டார்ஸிலிருந்து ஆன்டனி வில்லியம்ஸ். கிராஸ்ஃபயரிலிருந்து ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட். கேசப்ளாங்காவிலிருந்து ஆர்மன் ‘பேட்ஸி’ ஹெய்ன்ஸ். ஹில் சிக்ஸ்டியிலிருந்து ஆண்ட்ரூ டி லா பாஸ்டீட். சின்கோபேட்டர்ஸிலிருந்து ஃபில்மோர் ‘பூட்ஸ்’ டேவிட்சன். ரைசிங் சன்னிலிருந்து டட்லி ஸ்மித். சன் வேலியிலிருந்து சன்னி ரோச். தெற்கே சான் ஃபெர்னாண்டோவின் ஃப்ரீ ஃபிரெஞ்ச் குழுவிலிருந்து தியோ ஸ்டீபன்ஸ். தார் ஏரி இருக்கும் லா பிரே ஊரின் சதர்ன் சிம்ஃபனியிலிருந்து பெல்கிரேவ் பொனபார்ட். வில்லியம்ஸுக்கு அப்போது 20 வயது, பெட்டன்கோர்ட்டுக்கு 21, மனெட்டுக்கு 23. மற்றவர்களும் ஏறக்குறைய அதே வயதுக்காரர்கள்தான்.

இவர்களுக்குள் இருந்த பகை சாதாரணமானதல்ல. மனெட் உயிராக வைத்திருந்த ஒரு வாத்தியத்துக்கு ‘பாரகுடா’ என்று பெயர். ஒரு மோதலில் அதை டோக்கியோக்காரர்கள் பறித்துக்கொண்டு போய்விட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தன் வாத்தியத்தைப் பறித்த குழுவின் நட்சத்திரத்தோடு அவர் இப்போது சேர்ந்து வாசிக்க வேண்டும். தெருவில் வேறொரு பகுதியின் எல்லையைத் தாண்டவே தயங்கிய இளைஞர்கள், தங்கள் தொழில் ரகசியங்களை ஒருவர் முன் ஒருவர் வைக்க வேண்டும்.

இந்தப் பதினொரு பேரையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவர ஒரு மனிதர் வந்தார். லெப்டினன்ட் ஜோசப் நதானியேல் கிரிஃபித். பார்படோஸ் தீவில் பிறந்தவர். டிரினிடாட் போலீஸ் பேண்டில் வாசித்தவர். பிறகு செயின்ட் லூசியா போலீஸ் பேண்டின் தலைவராக இருந்தவர். மேற்கத்திய இசைக்குறிப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பான் வாசிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் குறிப்பு படிக்கத் தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம்தான். ஆனால் காது கூர்மை அபாரம். இந்த இரண்டு தரப்பும் சந்தித்த இடத்தில்தான் டாஸ்போவின் உண்மையான வேலை தொடங்கியது.

அன்றைய வாத்தியங்களின் நிலையை இங்கே விளக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் சுதி சேர்ப்பவர் தன் போக்கில் சுரங்களை அமைப்பார். எந்தச் சுரம் தட்டின் எந்த மூலையில் இருக்கும் என்பது அவர் முடிவு. ஒரு குழுவில் வாசிப்பவர் இன்னொரு குழுவின் வாத்தியத்தின் முன் நின்றால் தடுமாறிப் போவார். பல வாத்தியங்களில் ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு சுரஸ்தானங்களும் கிடையாது. ஊரில் பாடும் காலிப்ஸோ மெட்டுகளுக்கு எவை தேவையோ அவை மட்டும் இருக்கும். விட்டுப்போன சுரம் வரும் இடத்தில் மெட்டையே கொஞ்சம் வளைத்துக்கொள்வார்கள். தெருவில் ஆயிரம் பேர் ஆடிக்கொண்டு வரும்போது அது யாருக்கும் உறுத்தாது. கச்சேரி மேடையில் உறுத்தும்.

கிரிஃபித் அதை ஏற்கவில்லை. எந்த இசையைக் கொடுத்தாலும் வாசிக்கக்கூடிய வாத்தியங்கள் வேண்டும், ஆகவே எல்லாச் சுரங்களும் இருந்தாக வேண்டும் என்றார். உயர்ந்த சுரங்கள் பேசும் வாத்தியத்துக்கு அது சாத்தியம். சிக்கல் கீழ்ச்சுரங்களில் வந்தது.

காரணம் எளிது. சுரம் தாழத் தாழ, அது அதிர்வதற்குத் தகட்டில் பெரிய இடம் வேண்டும். 55 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் பிடிக்கும் எண்ணெய் டிரம்மின் தட்டு அகலம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் உயர்ந்த சுரங்கள் என்றால் இரண்டு டஜன்கூட அடங்கும். பாஸ் சுரங்கள் என்றால் நான்கோ ஐந்தோ வைத்ததும் இடம் தீர்ந்துவிடும். பாஸ் வாத்தியத்துக்குப் பதினான்கு சுரங்கள் வேண்டும் என்று கிரிஃபித் கேட்டபோது, ஒரு டிரம்மில் அவ்வளவு அடங்காது என்று இளைஞர்கள் மறுத்தார்கள். அப்படியானால் மூன்று டிரம்களில் செய்யுங்கள் என்றார் அவர்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவரை ஸ்டீல்பேண்ட் என்றால், கழுத்தில் பட்டை போட்டு ஒரே ஒரு வாத்தியத்தை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபடி வாசிப்பது. ஒருவருக்கு ஒரு வாத்தியம் என்பது யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஒரே ஆளுக்கு மூன்று டிரம் என்றதும் அந்த வழக்கம் உடைந்தது. நடுச்சுரங்களைப் பேசும் வாத்தியங்களும் இணையாக இரண்டு டிரம்களில் அமைந்தன. பிஸ்கட் டின்னும் பிற தகர டப்பாக்களும் விலக்கப்பட்டு, குழுவின் வாத்தியங்கள் எல்லாமே எண்ணெய் டிரம்மிலிருந்து செய்யப்பட்டன. இன்று உலகில் எந்த ஸ்டீல்பேண்டைப் பார்த்தாலும் ஒரு கலைஞர் இரண்டு, மூன்று, ஆறு டிரம்களுக்கு நடுவே நின்று வாசிப்பதைக் காணலாம். அந்த அமைப்பின் வேர் கிரிஃபித்தின் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

கட்டளையிட்டவர் கிரிஃபித் என்றால், அதை இரும்பில் நிறைவேற்றியவர்கள் இந்த இளைஞர்கள். அந்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டிரம்மின் மூடிய பக்கத்தை மேலே வைத்து, கனமான சம்மட்டியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அடித்து அடித்துக் குழிவாக இறக்குவார்கள். அடி ஓர் இடத்தில் அழுந்திவிட்டால் தகடு கிழிந்துவிடும். அத்தனை உழைப்பும் வீண். குழிவு சரியாக வந்ததும் சுரங்களின் எல்லையைக் குறித்துக்கொண்டு, ஆணி போன்ற கருவியைச் சுத்தியலால் தட்டி, அந்தக் கோட்டில் வரிசையாகப் புள்ளி பதிப்பார்கள். ஒரு சுரத்தின் அதிர்வை அடுத்த சுரத்திலிருந்து பிரித்துவைப்பது இந்த வரப்புதான். பிறகு பக்கச்சுவரைத் தேவையான உயரத்துக்கு வெட்டுவார்கள். உயர்ந்த சுரத்துக்குக் குட்டையான சுவர். பாஸுக்கு முழு டிரம். அடுத்து நெருப்பில் காட்டித் தகட்டைப் பதப்படுத்துவார்கள்.

சுதி சேர்ப்பது இதற்கெல்லாம் பிறகு வரும் வேலை. சிறிய சுத்தியலால் அடியிலிருந்து தட்டி மேடாக்குவார்கள், மேலிருந்து தட்டித் தாழ்த்துவார்கள், காதை வைத்துக் கேட்பார்கள். ஒரு சுரத்தைச் சரிசெய்தால் பக்கத்துச் சுரம் நழுவும். அதைப் பிடித்தால் முதலில் சரிசெய்தது மறுபடி விலகும். இந்தப் போராட்டத்தைக் காதை மட்டும் நம்பி நடத்தினார்கள். இப்போது பதினொரு பேரின் வாத்தியங்களும் ஒரே சுதியில் நிற்க வேண்டும் என்பதால், தன் காதில் சரி என்று பட்டதை இன்னொருவர் காதுக்கும் ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது. மனெட்டின் குழிவும் வில்லியம்ஸின் சுர அமைப்பும் சைமனின் கைப்பக்குவமும் ஒரே கூடத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டன. தனித்தனித் தெருக்களில் பூட்டிவைத்திருந்த அறிவு முதன்முறையாக ஒன்றாகக் கலந்தது. டாஸ்போவின் சாதனை என்று நான் சொல்வது இதைத்தான்.

பணத்துக்கு எளிதான வழி இருக்கவில்லை. கச்சேரிகள் நடத்தினார்கள், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை பான் சத்தம் கேட்டால் போலீஸுக்கு ஆளனுப்பிய ஊர் அது. அந்த ஊரே இப்போது வழிச்செலவுக்குப் பணம் போட்டது.

1951 ஜூலை 6 அன்று ‘சான் மாடியோ’ என்ற கப்பல் டாஸ்போவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் மார்ட்டினிக் தீவில் சன்னி ரோச் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. மீதிப் பத்துப் பேரும் கிரிஃபித்தும் பிரான்ஸின் போர்தோ துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை 26 அன்று தேம்ஸ் தென்கரையில், விழா வளாகத்தின் திறந்தவெளியில் அவர்களின் முதல் நிகழ்ச்சி நடந்தது.

அன்றைய பான்களுக்கு இன்றைக்குப் போலப் பளபளக்கும் குரோமிய முலாம் கிடையாது. கடல் காற்று பட்டு வந்த பழைய டிரம்கள், அங்கங்கே துரு. அவற்றை அடுக்கிவைத்தபோது கூட்டம் வேடிக்கையாகத்தான் பார்த்தது. வாசிக்கத் தொடங்கியதும் கூட்டத்தின் முகபாவம் மாறிவிட்டதைப் பெட்டன்கோர்ட் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். காலிப்ஸோவும் மாம்போவும் வாசித்தார்கள். அதே டிரம்களில் வால்ட்ஸும் மேற்கத்திய செவ்வியல் மெட்டுகளும் வாசித்தார்கள். சுரம் விடுபடாமல், மெட்டை வளைக்காமல் வாசித்தார்கள். ஒத்திகைக் கூடத்தில் கிரிஃபித் பிடித்த பிடிவாதத்துக்கு அங்கே பலன் கிடைத்தது.

தொடர்ந்து பிரிட்டனில் பல மேடைகள், பிபிசி நிகழ்ச்சி, ஒலிப்பதிவு, பிறகு பாரிஸ். டிசம்பரில் குழு ஊர் திரும்பியது. திரும்பியவர்களில் ஒருவர் குறைந்தார். ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார். டிரினிடாட்டிலிருந்து வந்திருந்த பியானோ கலைஞர் ரசல் ஹென்டர்சனோடு சேர்ந்து பிரிட்டனில் வேரூன்றிய முதல் ஸ்டீல்பேண்டை அமைத்தார். 1966இல் நாட்டிங் ஹில் பகுதியில் குழந்தைகளுக்கான தெருவிழா ஒன்று நடந்தபோது, ஹென்டர்சனும் பெட்டன்கோர்ட்டும் பான்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சனங்கள் பின்னால் திரண்டார்கள். லட்சக்கணக்கானோர் கூடும் இன்றைய நாட்டிங் ஹில் கார்னிவலின் தொடக்கங்களில் அந்த நடை முக்கியமானது.

ஊர் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்? டாஸ்போ தொடரவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பழைய குழுவுக்கே போனார்கள். ஒரு தேசியக் குழுவாக அதை நிலைநிறுத்தியிருக்கலாமே என்ற ஆதங்கம் எழுவது இயல்பு. அன்றைய காலனி ஆட்சிக்கு அந்த அக்கறை இருந்திருந்தால், அந்த இளைஞர்களுக்கு நிலையான வருமானமாவது கிடைத்திருக்கும். ஒரு தீவின் பெயரை உலகறியச் செய்தவர்கள் மறுபடி அன்றாடப் பிழைப்புக்குத் திரும்பியதை நினைக்கையில் மனம் கசக்கத்தான் செய்கிறது.

ஆனால் இசையின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. டாஸ்போ கலைந்ததால், அதில் கற்றது பத்துத் திசைக்கும் போயிற்று. பிடுங்கி நடும் நாற்றைப் போல, ஒரே பாத்தியில் முளைத்தது வெவ்வேறு வயல்களில் வேர் பிடித்தது. மனெட் இன்வேடர்ஸில் இரட்டை டிரம் கொண்ட ‘டபுள் செகண்ட்’ வாத்தியத்தையும் மூன்று டிரம் கொண்ட ‘டிரிபிள் கிட்டார்’ வாத்தியத்தையும் உருவாக்கினார். 1967இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பான் செய்யும் கலையைப் பாடமாகவே கற்றுக்கொடுத்தார், 2018இல் காலமானார். ஆன்டனி வில்லியம்ஸ், சுரங்களைச் சிலந்தி வலைபோல் அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அடுத்தடுத்த சுரங்கள் ஐந்தாம் சுர உறவில் வட்டமாக அமையும் இன்றைய டெனர் பானுக்கு அதுவே அடிப்படை. பல டிரம்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது என்ற சிக்கலுக்கும் அவரே விடை கண்டார்: 1950களின் நடுவில் நார்த் ஸ்டார்ஸ் குழுவின் வாத்தியங்களைச் சக்கரத்தில் ஏற்றினார். கிரிஃபித் ஒத்திகைக் கூடத்தில் தொடங்கியதை வில்லியம்ஸ் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

டாஸ்போ பத்தாண்டு நீடித்திருந்தால், தலைநகரின் மேடையில் மட்டும் வாசிக்கும் ஒரு மேட்டுக்குடிக் குழுவாக அது சுருங்கியிருக்கக்கூடும் என்பது என் எண்ணம். கற்றவர்கள் தங்கள் குழுக்கள் பயிற்சி செய்யும் பான்யார்டுக்குத் திரும்பியதால் அறிவு தெருப் பையன்களின் கைக்கு வந்தது. எல்லாச் சுரங்களும் கொண்ட வாத்தியம் என்பது சில ஆண்டுகளில் ஊர் முழுக்கப் பொதுச் சொத்தாயிற்று. ஒரு குழுவை அதன் வயதை வைத்து எடைபோடக் கூடாது. கலைந்த பிறகு அது விட்டுச்சென்றதை வைத்து எடைபோட வேண்டும். அந்தக் கணக்கில் டாஸ்போவுக்கு ஈடாகச் சொல்ல இந்த வரலாற்றில் இன்னொரு குழு இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஸ்ப்ரீ சைமனுக்குக் காலிப்ஸோ பாடகர் கிட்ச்னர் பாடலே பாடியிருக்கிறார். மனெட்டையும் வில்லியம்ஸையும் பான் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அது நியாயமே. ஆனால் ஜோசப் கிரிஃபித்தின் பெயர் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவர் சம்மட்டி பிடிக்கவில்லை, தகட்டைச் சுடவில்லை. எது கூடாது, எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, எதிரணிகளை ஒரு சுதிக்குக் கொண்டுவந்தார். வாத்தியம் செய்பவரை நினைக்கும்போது, அந்த வாத்தியத்திடம் இன்னும் அதிகமாகக் கேட்டவரையும் நினைக்க வேண்டும்.

1962 ஆகஸ்ட் 31 அன்று டிரினிடாட் டொபாகோ சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே பனோரமா என்ற ஸ்டீல்பேண்ட் போட்டி தொடங்கியது. 1963, 1964 என்று முதல் இரண்டு ஆண்டுகளும் பட்டத்தை வென்றது ஆன்டனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ். டாஸ்போவின் மாணவர் புது நாட்டின் பெரும் போட்டியை எப்படி வென்றார், ஒரு காலிப்ஸோ மெட்டை எப்படி விரித்து வாசித்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)